வைரஸ் வெளியிலும் உண்டு! கீபோர்டுக்கு எந்த மருந்து?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த ஆன்ட்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான். 2020க்குப் பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "கீபோர்டை எதை ஊற்றித் துடைக்கலாம்?" முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். இரண்டாவதுக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் டிவி விளம்பரம்தான். அதை நம்பி நாம் செய்யும் தவறுகள் கொஞ்சமல்ல.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2020ல், வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே கம்பெனி எங்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. பத்மநாபபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். ஒருநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் மருந்து வாசனை. ஸ்பேஸ் பட்டன் அமுங்கினால் எழும்பவில்லை. கேட்டால் அம்மா சொன்னார், "கிருமி இருக்கும்லா மக்களே? அதான் மருந்து விட்டு நல்லா தொடச்சேன்."

அது போகட்டும். அதே வாரம் கிணற்றில் போட வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கழிவறையில் தூவி, "ரெண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்" என்று மேலேயே ஆசிட் கிளீனரையும் ஊற்றிவிட்டார். கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். ஜன்னல்களைத் திறந்துவிட்டுத் திண்ணையில் உட்கார வைத்தேன். மூச்சு சீராக மாலை ஆகிவிட்டது. கீபோர்டை மாற்றிக்கொள்ளலாம். நுரையீரலுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது!

பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் வரும். இரண்டும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்ட்டி வைரஸ் போட்டால் ஒன்றோடொன்று சண்டை போட்டு மெஷினையே முடக்கும் இல்லையா? அதே கதைதான் இது.

பயம் விற்கும் சரக்கு

2002ல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் சார்ல்ஸ் ஜெர்பா, அலுவலக மேஜையில் கழிவறை இருக்கையைவிட 400 மடங்கு பாக்டீரியா இருப்பதாகச் சொன்னார். இன்றும் அந்த வரி பத்திரிகைகளில் உலா வருகிறது. ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது குளோராக்ஸ் என்ற கிருமிநாசினி கம்பெனி என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. எண்ணிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கை வேறு, ஆபத்து வேறு. கீபோர்டில் இருப்பவை பெரும்பாலும் நம் தோலில் சாதாரணமாக வாழும் பாக்டீரியாக்களே.

பயந்தால் அரசாங்கமும் தடுமாறும். 2020 ஏப்ரல் 1ல் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். ஹைப்போகுளோரைட் கலந்த தண்ணீர் தூறலில் மக்கள் கைகளைத் தூக்கியபடி சில நொடிகள் நடந்து போனார்கள். ஊர் ஊராக இது பரவியது. சில நாட்களிலேயே தமிழகப் பொது சுகாதாரத்துறை இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. ஏப்ரல் 18ல் மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்கள் மேல் மருந்து தெளிக்கக் கூடாது என்று அறிவித்தது. உடைகள் மேல் தெளிக்கும் மருந்து உடம்புக்குள் இருக்கும் வைரஸை என்ன செய்யும்? கண்ணும் தோலும் எரிந்ததுதான் மிச்சம்.

சோப்பு போதும்

என் கருத்து இதுதான். வீட்டுக்கு வேண்டியது "ஆன்ட்டி பாக்டீரியல்" என்று எழுதிய பாட்டில் அல்ல. சாதாரண சோப்பும் தண்ணீரும்தான். 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., டிரைக்ளோசான் உட்பட 19 மருந்துகளைக் கை கழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று தடை செய்தது. சாதாரண சோப்பைவிட இவை மேல் என்பதைக் கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை. விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். சோப்பும் அப்படித்தான்.

வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு, தொற்றுக் காய்ச்சல் இருந்தால் கிருமிநாசினி வேண்டும். பலரும் தொடும் அலுவலகப் பொருட்களுக்கும் வேண்டும். அப்போது கவனிக்க வேண்டியவை இவை:

* முதலில் அழுக்கைக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் பிளீச்சின் சக்தி அதிலேயே செலவாகிவிடும்.

* பென்சால்கோனியம் குளோரைடு என்று லேபிளில் இருந்தால், சோப்பு நுரையோடு கலக்காதீர்கள். சோப்பு அதைச் செயலிழக்கச் செய்யும். தரையை நல்ல தண்ணீரால் அலசிய பிறகு போடுங்கள்.

* 5 சதவீத ஹைப்போகுளோரைட் பிளீச் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். இது 0.1 சதவீதம் ஆகும். கலந்ததை அன்றன்றே தீர்த்துவிடுங்கள். இதைக் கம்ப்யூட்டர் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

* ஊற்றியதும் துடைத்துவிடாதீர்கள். லேபிளில் போட்டிருக்கும் நிமிடங்கள் வரை ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். விளம்பரத்தின் 99.9 சதவீதத்தையும் அந்த நேரத்தைக் கொடுத்துத்தான் அளக்கிறார்கள்.

கம்ப்யூட்டரை எப்படித் துடைப்பது?

மெஷினை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றுங்கள். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் மிக்சர் தூள் விழும்! பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் லேசாக நனைத்துத் துடையுங்கள். கீபோர்டின் மேல் நேரடியாகத் தெளிக்க வேண்டாம். 99 சதவீதம் இன்னும் வலுவானதுதானே என்று நினைக்காதீர்கள். கிருமியின் புரதத்தைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவை. 99 சதவீதம் வேலை முடிக்கும் முன் ஆவியாகிவிடும். ஆல்கஹால் தீப்பிடிக்கும் பொருள். அடுப்பு, விளக்குப் பக்கம் கூடாது.

கைக்குப் போடும் சானிட்டைசரில் கிளிசரின் இருக்கும். காயத்துக்குப் போடும் மருந்துத் திரவங்கள் சிலவற்றில் எண்ணெயும் சோப்பும் இருக்கும். இரண்டும் பட்டன்களுக்கு இடையில் பிசுபிசுத்து நிற்கும். எங்கள் ஸ்பேஸ் பட்டன் போனது இப்படித்தான். மானிட்டருக்குத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம் எல்சிடி திரையின் பூச்சைக் கெடுக்கும்.

தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மாமா கேட்டார், "மருமகனே, ரேகை வைக்குற மெஷின்ல ஒரு நாளைக்கு நூறு பேர் விரல் வைக்கானுவ. நூறு தடவையும் தொடைக்க முடியுமாடே?" முடியாது. அதனால் கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைக்கச் சொன்னேன். விரல் சுத்தமானால் மெஷின் சுத்தம். ரேகையும் தெளிவாக விழுகிறதாம்!

எங்கள் ஊர் அரண்மனையில் ஒரு மூலிகைக் கட்டில் இருக்கிறது. 64 வகை மருந்து மரங்களால் ஆனது, படுத்தால் நோய் அண்டாது என்பார்கள். நோயை விரட்ட ஒரே பொருள் கிடைக்காதா என்ற ஆசை ராஜாவுக்கும் இருந்திருக்கிறது. நமக்கு அந்த ஆசை பாட்டில்கள் மேல். அடுத்த முறை கடையில் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, முன்பக்கத்தில் உள்ள பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்!