சொன்ன முறைப்படி செய்யும் பிள்ளை மக்கா?



பரிசளிப்பு விழா மேடையில் ஏறும் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "பிள்ளைகள் புதிது புதிதாகச் சிந்திக்க வேண்டும்." நல்லது. ஆனால் ஆய்வுகூடத்தில் வரிசை பிசகாமல் அளந்து, திகதி போட்டுக் குறித்து வைக்கும் பிள்ளையை, "சொன்னதை மட்டும் செய்யும், மூளை ஓடாது" என்று ஓரங்கட்டுகிறோமே, அது என்ன நியாயம்? இந்தக் குற்றத்தில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு.

உம்மாவுக்கு ஏற்றப்போகும் இரத்தத்துக்குப் பொருத்தம் பார்ப்பவர் அன்றைக்குப் புதுமுறை ஒன்றை முயன்று பார்க்கலாமா? நமக்குப் பக்கத்து மொரகஹகந்தவில் வான்கதவை மனம்போனபடி திறக்கலாமா? 2020 ஆகஸ்ட் 17, கெரவலப்பிட்டிய துணைமின் நிலையத்தில் பராமரிப்பு வேலையில் நேர்ந்த ஒரு தவறு, முழு நாட்டையும் மணிக்கணக்காக இருட்டாக்கியது. அங்கே குறைந்தது கற்பனையா, கவனமா?

மருந்தாளர், தாதி, நில அளவையாளர், கணக்காய்வாளர், மின்னியலாளர் எல்லாம் இந்தக் கவனத்தால் சோறு உண்பவர்கள். ஒரு படி பிழைத்தால் முதலில் கண்டுபிடிப்பவர்களும் அவர்களே.

தொழிற்பயிற்சி என்றால் முகம் சுளிக்கும் பெற்றோரே, தேசிய தொழிற்தகைமைக்கு 7 மட்டங்கள் உண்டு. ஏழாவது, பட்டத்துக்குச் சமம்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், "பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது?" என்று கேட்காதீர்கள். "என் பிள்ளை எந்த வேலையைச் சலிக்காமல் சரியாகச் செய்கிறது?" என்று கேளுங்கள். பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.