அந்த ஐந்து நாள் சம்பளம் எங்கே?



ஆன்டன் செக்காவ் 1883-இல், தன் 23 வயதில் எழுதிய ஒரு குட்டிக்கதையைத் தம்பி மகன் எனக்கு அனுப்பியிருந்தான். 'எதிர்த்துப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று கம்பெனிப் பயிற்சி வகுப்பில் படிக்கக் கொடுத்தார்களாம். கோபம்தான் வந்தது. கதை மேல் இல்லை.

படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டோடு இருந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் யூலியாவுக்கு முதலாளி கணக்குத் தீர்க்கிறார். மாதம் 40 ரூபிள் என்கிறாள், 30 என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது, பண்டிகை மூன்று, பையன் படுத்த நாலு நாள், அவள் பல்வலியில் கிடந்த மூன்று நாள், எல்லாம் கழிவு. உடைந்த கோப்பை, வேலைக்காரி திருடிய பூட்ஸ்கூட இவள் தலையில். கடைசியில் கையில் 11 ரூபிள். அதற்கும் நன்றி சொல்கிறாள். உடனே அவர், சும்மா விளையாடினேன் என்று 80 ரூபிள் உறையை நீட்டி, இப்படியா வாயில்லாப் பூச்சியாக இருப்பாய் என்று புத்தி சொல்கிறார்.

எல்லோரும் அந்த ஆளைக் குருவாக்கிவிட்டார்கள். அவள் வாயே திறக்கவில்லையா? சம்பளம் 40 என்றாள். இரண்டு மாதமும் ஐந்து நாளும் என்றாள். பத்து ரூபிள் முன்பணம் நான் வாங்கவே இல்லை என்றாள். மூன்றுக்கும் ஒரே பதில், நோட்டில் எழுதியிருக்கிறதாம். நோட்டு யார் கையில்? அவர் மனைவியிடம் மூன்று ரூபிள் வாங்கியதை அவளே உண்மையாகச் சொல்ல, அதையும் கழித்துக்கொண்டார்.

இப்போது கணக்குப் போடுங்கள். 40 × 2 = 80. அந்த ஐந்து நாள் உறையிலும் இல்லை! பெருந்தன்மை காட்டும்போதும் ஜெயித்தது அவர் நோட்டுதான். செக்காவ் வேண்டுமென்றே வைத்தாரா என்று சண்டைக்கு வராதீர்கள், கணக்கு அப்படித்தான் வருகிறது. ஏன் நன்றி என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலையும் யாரும் கவனிப்பதில்லை. மற்ற இடங்களில் ஒன்றுமே தரவில்லையாம்.

ஆசிரியர் பயிற்சி முடித்த புதிதில் ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் அதில் பாதி. 'நன்றி சார்' என்றுதான் வெளியே வந்தேன். எனக்குத் தைரியம் இல்லாமலா? (என்னிடம் அடி வாங்கியவர்களுக்குத் தெரியும்.) வீட்டில் மூன்று தங்கைகள், வாசலில் அதே வேலைக்கு இன்னும் நாலு பேர்.

தம்பி மகனிடம் கேட்டேன், "அந்த வகுப்பில் சம்பளம் போடுகிறவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தார்களாடா?"

"இல்லை அத்தை" என்றான்.