ஆறாம் படிவத்தின் மூன்று பாடங்கள்

இங்கிலாந்தில் பதினாறு வயதில் ஜி.சி.எஸ்.இ. பரீட்சையை முடித்து ஆறாம் படிவத்தில் பிரவேசிக்கும் மாணாக்கர், அதுவரை கற்றுவந்த பல பாடங்களுள் பெரும்பாலும் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட வேண்டியவராகிறார். ஆறாம் படிவத்தின் இறுதியில் எழுதும் ஏ-லெவல் பரீட்சை 1951-ல் ஏற்பட்டது முதல் அந்நாட்டுக் கல்வி பரப்பைக் காட்டிலும் ஆழத்தையே உயர்வாக மதித்து வந்திருக்கிறது. கல்வியைப் பற்றி 1959-ல் வெளியான கிரௌதர் அறிக்கை அந்த ஆழத்தைப் போற்றியது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய பிரசித்தமான பிரசங்கத்தில் எழுத்தாளர் சி. பி. ஸ்நோ, இளமையிலேயே படிப்பைக் குறுக்குவதன் தீங்கை எடுத்துக்காட்டினார். அவ்விவாதம் எவ்வாறு முடியினும், மூன்று பாடங்கள் என்ற ஏற்பாடு உள்ளவரை, அம்மூன்றையும் எந்த அறிவைக் கொண்டு ஒரு பிள்ளை தெரிந்தெடுக்கிறது என்பது நீதியைச் சார்ந்த விஷயமாகும்.

வைத்தியப் படிப்புக்கு ரசாயனமும் உயிரியலும், பொறியியலுக்குக் கணிதமும் பௌதிகமும் வேண்டியிருக்கும் என்பது எவரும் ஊகிக்கக்கூடியதே. ஆனால் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், பொருளாதாரப் பட்டத்திற்கு ஏ-லெவல் பொருளாதாரத்தை வற்புறுத்தாமல் கணிதத்தையே கட்டாயமாக்கியிருப்பதும், சட்டக் கல்விக்குச் சட்டப் பாடம் அவசியமில்லை என்பதும், குடும்பத்தில் ஒருவரும் சர்வகலாசாலையில் பயின்றிராத பிள்ளைக்கு யார் சொல்லித் தெரியும்? எந்தப் பாடத்தில் 'ஏ' பெற்றாலும் சர்வகலாசாலை விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் நிறுவனத்தின் கணக்கில் 48 புள்ளிகளே. எனினும், புள்ளிகள் சமமாயிருப்பதனால் பிரவேசத் தகுதியும் சமமாகிவிடுவதில்லை.

ஆராய்ச்சியில் சிறந்த சர்வகலாசாலைகளின் சங்கமான ரஸ்ஸல் குழு, 2011-ல் ஒரு கையேட்டை வெளியிட்டு, கணிதம், விஞ்ஞானங்கள், சரித்திரம், பூகோளம், ஆங்கில இலக்கியம், பிறமொழிகள் ஆகியவை பல துறைகளுக்கும் வழிதிறப்பவை என்று பகிரங்கமாக அறிவித்தது பேருபகாரமாகும். ஆயினும் அப்பட்டியலில் இடம்பெறாத இசையும் சித்திரமும் தாழ்ந்தவை என்ற தப்பபிப்பிராயத்துக்கு அது ஏதுவாயிற்று. 2019-ல் அக்குழு அப்பட்டியலைக் கைவிட்டு, ஒவ்வொரு பட்டத்திற்கும் உரிய பாடங்களைத் தனித்தனியே காட்டும் இணையதளத்தை அமைத்தது விவேகமான மாற்றமே.

ஆகவே, விரும்பும் பட்டம் இன்னதென்று துணிந்தவர்கள் முதலில் அதன் பிரவேச நிபந்தனைகளை வாசித்து, அதன் பின்னரே பாடங்களை நிச்சயிப்பது உசிதம். துணியாதவர்கள், பல துறைகள் கேட்கும் இரண்டு பாடங்களோடு, மனம் உவந்து கற்கும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 2015-ல் தொடங்கிய சீர்திருத்தத்திற்குப் பிறகு இரண்டாண்டுப் படிப்பு முழுவதும் இறுதிப் பரீட்சைகளையே பெரிதும் நம்பியிருப்பதால், பிரியமில்லாத பாடத்தில் அத்தனை காலம் ஊக்கம் குன்றாதிருத்தல் அரிது.

ஆனால் இந்தப் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் மாத்திரம் சுமத்துவது தகாது. பாடங்களைத் தெரிந்தெடுப்பதற்கு ஓராண்டு முன்னதாகவே, கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமன்றிக் கேட்கத் தெரியாதவர்களுக்கும், இந்நிபந்தனைகளை எடுத்துரைப்பதைப் பள்ளிகளும் சர்வகலாசாலைகளும் தங்கள் நித்திய கடமைகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.