எட்ட நின்று எடுத்த படம்

“அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத்! மகன் பறவைகளைப் படம் பிடிக்கக் கேமரா கேட்கிறான். பெரிய லென்ஸாகப் பார்த்து வாங்கி அனுப்பலாம் என்றிருக்கிறேன். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் தொலைபேசியில் இவ்வாறு கேட்டார். மதரஸா ஆசிரியனிடம் கேமராவைப் பற்றிக் கேட்பானேன் என்று வாசகர்கள் வியக்கலாம். அவருடைய மகன் என்னிடம் ஓதியவன். அவனுக்குப் பறவை பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்தியவன் நானே. அப்பழக்கத்தில் அவன் செய்த முதல் தவற்றுக்கு உடந்தையாக நின்றவனும் நானே.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடையில், வற்றிக் கிடந்த எங்கள் ஊர்க் குளத்தில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருப்பதைக் கண்டுவந்து சொன்னான். ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண்ணின் நிறமே முட்டையின் நிறம். அதுவே அதற்குக் காவல். வெயில் கடுமையானால் தாய்ப்பறவை நீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டைகளின்மீது அமர்ந்து குளிர்விக்கும்.

எங்களிடம் இருந்ததோ கைபேசி ஒன்றுதான். ஆகவே கிட்டச் சென்றோம். பறவைகள் இரண்டும் தலைக்கு மேல் கதறிச் சுழன்றன. படம் நன்றாக அமையட்டும் என்று கால்மணி நேரம் நின்றோம். கரையேறித் திரும்பிப் பார்த்தால், குழியருகே காக்கை. ஓடிச் சென்று விரட்டுவதற்குள் இரண்டு முட்டைகள் போய்விட்டன.

“ஹஜ்ரத், காக்கைக்கு நாமதானே காட்டிக் கொடுத்தோம்?” என்றான் சிறுவன்.

ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் அப்பறவைக்கு ஆள்காட்டி என்று பெயர். அன்றோ, ஆளே பறவையைக் காட்டிக் கொடுத்தான். பிடித்த குஞ்சுகளைத் தாய்ப்பறவையிடமே திருப்பி வைக்கச் சொன்ன நபிமொழியை அதே வாரம் வகுப்பில் நடத்தியிருந்த எனக்கு, அக்கேள்விக்கு விடை சொல்ல நா எழவில்லை.

எனவே சகோதரரிடம் நான் சொன்னது இதுதான்: “கேமரா வாங்க வேண்டாம். அது அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. எட்ட நின்று பார்க்கும் கருவியை வாங்கிக் கொடுங்கள்.”

இந்த வழிக்கு ‘டிஜிஸ்கோப்பிங்’ என்று பெயர். டிஜிட்டல் கேமராவைத் தொலைநோக்கியின் பின்னால் பொருத்திப் படம் எடுப்பதாகும். 1999-இல் மலேசியாவைச் சேர்ந்த லாரன்ஸ் போ என்பவர், தம் தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையில் சிறிய டிஜிட்டல் கேமராவை வைத்துப் பறவைகளைப் படம் பிடித்து, இக்கலையை உலகறியச் செய்தார். நம் நாட்டுப் பறவையியல் மேதை சாலிம் அலி (1896–1987) பறவைகளின் பக்கம் திரும்பியது, சிறு வயதில் தாம் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் இருந்த மஞ்சள் நிறத்தைக் கண்டுதான். துப்பாக்கியில் தொடங்கிய பறவை ஆய்வு இன்று எட்ட நிற்கும் கண்ணாடிக்கு வந்திருக்கிறது. இது எவ்வளவு நல்ல மாற்றம்!

கலைப் பட்டதாரியான எனக்கு ஒளியியல் எளிதில் பிடிபடவில்லை. விலங்கியல் பேராசிரியரான நண்பர் ஒருவர் பொறுமையாக விளக்கியதையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

முதலில் தொலைநோக்கி

பணத்தின் பெரும்பகுதி ‘ஸ்பாட்டிங் ஸ்கோப்’ எனப்படும் ஒற்றைக் குழல் தொலைநோக்கிக்கும் முக்காலிக்கும் போக வேண்டும். மங்கலான வில்லையின் பின்னால் எத்துணை விலையுயர்ந்த கேமராவை வைத்தாலும் படம் மங்கலாகவே விழும். இருபது முதல் அறுபது மடங்கு பெரிதாக்கும் என்றால், அறுபதைக் கண்டு மயங்க வேண்டாம். பொருளருகு வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், பின்னால் வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 60 மி.மீ. வில்லை இருபது மடங்கில் 3 மி.மீ. ஒளிவட்டம் தரும், அறுபது மடங்கில் 1 மி.மீ. மட்டுமே. விட்டம் மூன்றில் ஒன்றானால் ஒளி ஒன்பதில் ஒன்றாகிவிடும். ஆகவே, படம் எடுப்பது இருபதில்தான்.

முக்காலியில் சிக்கனம் கூடாது. பெரிதாக்கும்போது நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகிறது.

அடுத்து கேமரா

மூன்று மில்லிமீட்டர் ஒளிவட்டத்தோடு கேமராவின் கண் பொருந்த வேண்டும். பெரிய ஜூம் லென்ஸ் பொருந்தாது. படத்தைச் சுற்றிக் கருவளையம் விழும். முன்பு நிக்கான் கூல்பிக்ஸ் 950, 990, 4500 ஆகியவை இதற்குப் பெயர் பெற்றிருந்ததன் காரணமும் இதுவே. ஜூம் செய்யும்போது அவற்றின் லென்ஸ் வெளியே நீளாது, உள்ளேயே நகரும். அவற்றின் காலம் முடிந்தது. அவ்விடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. அதன் லென்ஸும் சிறியது, நீளாதது.

கைபேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 26 மி.மீ. அளவுக்கு ஈடாகக் கணக்கிடப்படுகிறது. அதை இருபது மடங்குத் தொலைநோக்கியின் பின் வைத்தால் 520 மி.மீ. லென்ஸுக்கு ஈடாகும். திரையில் இருமடங்கு பெரிதாக்கினால் கருவளையம் விலகும். அளவும் 1,040 ஆகும். ஓர் எச்சரிக்கை: பல லென்ஸ்கள் கொண்ட கைபேசி, பெரிதாக்கும்போது தானாகவே வேறு லென்ஸுக்குத் தாவும். தொலைநோக்கியோ ஒரு லென்ஸின் முன்னால்தான் இருக்கிறது. உடனே திரை இருண்டுவிடும். ஆகவே லென்ஸ் தாவாமல் நிறுத்திவைக்க இயலுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அடாப்டர்

கைபேசியைத் தொலைநோக்கியோடு இணைப்பது அடாப்டர். இதில் இரு வகை உண்டு. எந்தக் கைபேசியையும் எந்தத் தொலைநோக்கியையும் கவ்வும் பொது வகை ஒன்று. குறிப்பிட்ட தொலைநோக்கிக்கும் குறிப்பிட்ட கைபேசிக்குமென்றே செய்த வகை மற்றொன்று. பின்னது சட்டென்று பொருந்தும். ஆயினும் கைபேசியை மாற்றினால் அடாப்டரையும் மாற்ற நேரும். முன்னது மலிவு, நடுவில் நிறுத்துவதற்குப் பொறுமை வேண்டும்.

நான் அளவு பாராமல் ஒன்றை வாங்கினேன். கண்ணருகு வில்லையின் வெளிவிட்டம் அதன் வாயைவிடச் சிறிது. கவ்வ வேண்டியது வழுக்கியது; கைபேசி சேற்றில் விழுந்தது. ஆகையால் அவ்விட்டத்தை அளந்து குறித்துக்கொண்டு, கைபேசியின் உறையைக் கழற்றிவிட்டு, கூடுமானால் கடையிலேயே பொருத்திப் பாருங்கள். பின்வரும் மூன்றைக் கவனியுங்கள். ஒளிவட்டம் திரையின் நடுவில் நிற்கிறதா? கண்ணருகு வளையத்தைத் திருகி, வில்லைக்கும் கைபேசிக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா? தொலைநோக்கியைச் சாய்த்தால் கைபேசி நழுவாமல் இருக்கிறதா?

படம் எடுக்கும்போது திரையைத் தொட்டால் எல்லாம் அசையும். இரண்டு வினாடித் தாமதத்தை அமைத்துக்கொள்ளலாம். வெயில் ஏறினால் தரையிலிருந்து எழும் கானல் படத்தைக் கலைத்துவிடும். கோடியக்கரையின் உப்பளங்களில் பூநாரைகளைப் பார்க்கச் சென்றபோது, காலையில் தெளிவாகத் தெரிந்த கால்கள் நண்பகலில் புகைபோல் நெளிந்தன. அதற்கு எந்தக் கருவியும் மருந்தன்று. சீக்கிரம் எழுவதே மருந்து. ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் உறங்கிவிடாதவர்களுக்கு இதில் சிரமமில்லை.

சகோதரர் என் சொல்லை ஏற்றார். பெரிய லென்ஸுக்கென ஒதுக்கியதில் ஒரு பகுதியே செலவாயிற்று. “அத்தாவிடம் மீதியைத் தங்கச்சியின் படிப்புக்கு வைக்கச் சொல்லிவிட்டேன், ஹஜ்ரத்” என்றான் மகன். அவன் இப்போது மீசை அரும்பிய இளைஞன்.

இந்தக் கோடையில் அதே குளத்துக்குச் சென்றோம். ஆள்காட்டி மீண்டும் முட்டையிட்டிருந்தது. இருட்டோடு சென்று, எண்பது மீட்டருக்கு அப்பால், கரையோரப் பனைகளின் மறைவில் முக்காலியை நிறுத்தினோம். இரண்டு மணி நேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம். வெயில் ஏறத் தொடங்கியபோது ஒரு பறவை நீர் தேங்கிய பள்ளத்துக்குச் சென்று வயிற்றை நனைத்து வந்து அமர்ந்தது. படத்தில் அதன் வயிற்று இறகுகளின் ஈரம் தெரிகிறது. அதைவிட அழகிய படங்கள் உலகில் ஆயிரம் இருக்கலாம்.

அது ஒருமுறைகூடக் கத்தவில்லை. குழியில் முட்டைகள் நான்கும் இருந்தன.