ஒவ்வொரு சுற்றாக!

வேலை போயிற்று என்றதும், இனி என்ன இருக்கிறது எனத் திண்ணையில் சாய்ந்துவிட்ட தோழர்கள் உண்டு. சங்கத் தேர்தலில் தோற்றபின், சங்கம் இருக்கும் தெருப்பக்கமே தலைகாட்டாதவர்கள் உண்டு. மகன் ஒரு தேர்வில் தவறியதும், "நமக்குப் படிப்பு எங்கே ஏறப்போகிறது?" என்று அவனைப் பட்டறைக்கு அனுப்பிவிட்ட தந்தையரும் உண்டு. இவர்கள் கோழைகள் அல்லர். உழைப்புக்கு அஞ்சியவர்களும் அல்லர். பின் ஏன் ஒரே அடியில் ஓய்ந்தனர்?

"அவர்களுக்கு மன உறுதி இல்லை" என்பர் சிலர். ஏதோ பிறக்கும்போதே சிலருக்கு வாய்த்து, பலருக்கு வாய்க்காமற்போன வரம் அது என்பது அவர்கள் எண்ணம். நாம் இதை ஏற்பதற்கில்லை. தலையெழுத்து என்ற பழைய பேச்சுக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவே. மன உறுதி ஒரு பழக்கம். பழக்கமென்றால் பழகித்தான் வரவேண்டும். அதைப் பழகத் தொழிலாளிக்குச் செலவின்றிக் கிடைக்கும் பள்ளிக்கூடம் விளையாட்டுத் திடல்.

ஒரு தொழிலாளியின் கதையைக் கூறுவோம். செக்கோஸ்லோவாகியா நாட்டில், சிலின் என்னும் ஊரில், பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் எமில் சாடோபெக். 1922இல் பிறந்த எளிய குடும்பத்துப் பிள்ளை. 1941இல் ஓர் ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொள்ளுமாறு தொழிற்சாலையில் அவருக்குக் கட்டளை பிறந்தது. உடல்நலமில்லை என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார். மருத்துவரோ சோதித்துவிட்டு, தாராளமாக ஓடலாம் என்றுவிட்டார். வேண்டாவெறுப்பாக ஓடியவர் இரண்டாவதாக வந்தார். அன்றுதான் அவருக்கு ஓட்டத்தில் ஆசை பிறந்தது.

பதினோரு ஆண்டுகள் கழிந்தன. 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம். 5,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம். அத்துடன் நின்றாரா? அதுவரை ஒரு தடவைகூட ஓடிப்பாராத மராத்தான் பந்தயத்திலும் இறங்கினார். 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம்; அதிலும் தங்கம்! ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்றையும் வென்றவர் இன்றளவும் அவர் ஒருவரே.

மந்திரமா? இல்லை. 400 மீட்டர் விரைந்து ஓடுவார். சற்றுத் தூரம் மெல்ல ஓடி மூச்சு வாங்குவார். மீண்டும் 400 மீட்டர். இப்படி 20 தடவை. பின்னாளில் 40 தடவை. இராணுவத்தில் இருந்தபோது கனத்த பூட்சுகளோடும் ஓடினார். 42 கிலோமீட்டர் என்றால் மலைப்பு வரும். இந்த ஒரு சுற்று என்றால் கால் நகரும். மலைப்பைத் துண்டுபோட்டுக் கொள்வது முதற் பழக்கம். கடனில் மூழ்கியவன் மொத்தத்தை எண்ணினால் தூக்கம் போகும்; இந்த மாதத் தவணையை எண்ணினால் வழி பிறக்கும். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்கும் அப்படித்தான். அடுத்த வாய்தாவுக்கு வேண்டியதை இன்று தேடுவோம்.

இரண்டாவது, தோல்வியைப் படிக்கும் பழக்கம். 1948இல் இலண்டன் ஒலிம்பிக் 5,000 மீட்டர் ஓட்டத்தில், பெல்ஜியம் நாட்டு ரைஃப் என்பவரை வெகுதூரம் முன்னே போகவிட்டு, கடைசிச் சுற்றில் துரத்தினார் சாடோபெக். ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கு நேரத்தில் தங்கம் கைநழுவிற்று. ஒப்பாரி வைக்கவில்லை; கணக்குப் பார்த்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஹெல்சிங்கியில் அதே தூரம். கடைசிச் சுற்றில் மூவர் அவரைக் கடந்தனர். நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டவர், மூவரையும் மீண்டும் கடந்து வென்றார்.

மூன்றாவது, ஏளனத்துக்கு அஞ்சாத பழக்கம். ஓடும்போது அவர் முகம் கோணும். தலை ஒருபக்கம் சாயும். உயிர் போகிறவர்போல் தோன்றுவார். எள்ளி நகையாடினர் பலர். அவர் அழகு பார்க்கவில்லை, எல்லைக் கோட்டைப் பார்த்தார். நாக்குழறும் என்று சங்கக் கூட்டத்தில் வாய்மூடி அமர்ந்திருக்கும் தோழர் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

ஓட்டம் அவரைத் தேவனாக்கிவிட்டது என்று நாம் புளுகவில்லை. 1968இல் அவர் நாட்டுக்குள் அந்நியப் படைகள் புகுந்தபோது, அதை எதிர்த்துத் தெருவில் நின்று பேசினார். பதவி பறிபோயிற்று. உலகமே போற்றிய வீரர், ஊரைவிட்டு வெளியே உடலுழைப்பு வேலைக்குப் போனார். 1971இல் நெருக்குதலுக்கு ஆட்பட்டுத் தம் சொல்லைத் திரும்பப் பெறவும் நேர்ந்தது. ஆம், தளர்ந்த நேரமும் அவருக்கு இருந்தது. ஆனால் வீழ்ந்த இடத்திலேயே கிடக்கவில்லை; கிடைத்த வேலையைச் செய்து வாழ்ந்து, 1989இல் ஆட்சி மாறியபின் இழந்த மதிப்பு மீண்டதையும் கண்டே 2000இல் மறைந்தார். தளராதவனைத் தேடினால் உலகில் ஒருவனும் அகப்படான். தளர்ந்தபின் எழுபவனே நமக்குப் பாடம்.

இதைக் கற்க ஹெல்சிங்கி போகவேண்டுமா? நம் கபடி ஆட்டத்தைப் பாருங்கள். பிடிபட்டவன் வெளியே போய் அமருகிறான். ஆட்டம் அவனுக்கு முடிந்துவிட்டதா? இல்லை. தன் அணியினர் எதிரணியில் ஒருவனை வீழ்த்தினால், அவன் மீண்டும் உள்ளே வருகிறான். வெளியே போனவனை உள்ளே கொண்டுவருவது தோழனின் கை! வேலையிழந்து திண்ணையில் சாய்ந்திருக்கும் தோழரை எழுப்பவேண்டிய கடமை யாருடையது என்பதை இனியும் சொல்லவேண்டுமா?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "விளையாட்டு வீரனைப்போல் சகித்துக்கொள்" என்று கூலியைக் குறைத்துவிட்டு உபதேசம் செய்ய வருவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் மேடை போடவில்லை. சகித்துக்கொள்வது வேறு, சளைக்காதிருப்பது வேறு. சகிப்பவன் நின்ற இடத்தில் நிற்கிறான். சளைக்காதவன் எல்லையை நோக்கி ஓடுகிறான். நியாயமான கூலியும் வயிறாரச் சோறும் கேட்டுப் போராடத்தான் இந்த மூச்சுப் பயிற்சி.

எனவே தோழர்களே, படிப்பகம் இருக்கும் இடந்தோறும் பக்கத்தில் ஒரு திடல் வேண்டும். பெரிய செலவில்லை, கபடிக்கு வேண்டியது மண்ணும் கோடும்தான். வேலைமுறை முடிந்து வரும் இளைஞர் அரைமணி நேரம் ஆடட்டும். பெண்பிள்ளைகளும் ஆடட்டும். அன்றாடம் விழுந்து, அன்றாடம் எழுந்து பழகட்டும். பிறகு வாழ்க்கை அவர்களை ஒருநாள் கீழே தள்ளும்போது, எழுவது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியிராது.

42 கிலோமீட்டரை இன்று எண்ணவேண்டாம். இந்தச் சுற்றை ஓடுவோம்!