பெத்பகேயும் ஆலம்பூண்டியும்

அவலூர்பேட்டையைச் சுற்றி ஓடும் பஸ்களின் பெயர்ப்பலகையைப் படித்தாலே பாதி மரங்களைத் தெரிந்துகொள்ளலாம். திண்டிவனம் என்றால் புளியங்காடு. புளிக்கு வடமொழியில் திந்திரிணி, அந்த ஊர்ச் சிவனும் திந்திரிணீஸ்வரர்தான். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில் ஆலம்பூண்டி. விழுப்புரம் பக்கம் பனமலை. பல்லவன் ராஜசிம்மன் அங்கே எடுப்பித்த கோயிலில் சாமி தாலகிரீஸ்வரர். தாலம் என்பதும் பனைதான்.

இந்தப் பழக்கத்தோடு வேதாகமத்தைத் திறந்தால், வாயில் நுழையாத ஊர்ப்பெயர்கள் கொஞ்சம் நெருங்கி வரும். ரிம்மோன் என்றால் மாதுளை. தாவீது கோலியாத்தை வீழ்த்திய ஏலா பள்ளத்தாக்குக்குப் பெயர் கொடுத்தது பிஸ்தா இனத்து மரம் ஒன்று. யோர்தானைக் கடக்குமுன் இஸ்ரவேலர் தங்கிய சித்தீம், நம் வேலமரத்தின் உறவுக்கார மரத்தால் வந்த பெயர். உடன்படிக்கைப் பெட்டியைச் செய்ததும் அந்த மரத்தில்தான். நாம் அடுப்புக்கு வெட்டுகிற சாதி!

எனக்கு மிகவும் பிடித்தது பெத்பகே. ஒலிவமலைச் சரிவில் இருந்த சிற்றூர். கழுதைக்குட்டியை அவிழ்த்து வரச் சொல்லி இயேசு சீடர்களை அனுப்பியது அதன் அருகிலிருந்துதான். பெயருக்குப் பொருள், பழுக்காத அத்திக்காய்களின் வீடு. மறுநாள் அதே வட்டாரத்தில்தான் இலை மட்டும் தழைத்து நின்ற அத்திமரத்தை அவர் சபிக்கிறார். அது அத்திப்பழக் காலம் இல்லை என்று மாற்கு வேறு குறித்து வைத்திருக்கிறார். பிரசங்கங்களில் கனியற்ற வாழ்க்கையைப் பற்றி நிறையக் கேட்டாயிற்று. பக்கத்து ஊரின் பெயரே அத்திக்காய் என்று ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால், அந்த மரம் உவமையாக நில்லாமல் ஊர்க்கார மரமாகிவிடும்.

லூஸ் என்ற ஊரின் கதை வேறு. வாதுமையைக் குறிக்கும் அந்தப் பெயரை யாக்கோபு, கனவு கண்டு எழுந்த காலையில், பெத்தேல் என்று மாற்றிவிட்டான். சாமி பெயர் வந்தது, மரத்தின் பெயர் போனது. (மயிலாப்பூர் லஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது போர்த்துகீசிய மொழியில் ஒளி.)

தமிழ் வேதாகமத்தின் கதையிலும் எங்கள் செஞ்சி ஓரமாக வந்து போகிறது. 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1750 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த செஞ்சிக் கோட்டையும் சில மாதங்களில் விழுந்தது. புதுச்சேரியில் பிடிபட்ட அச்சு இயந்திரம் சென்னைக்குப் போய், வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்த ஜெர்மானியர் பாப்ரிசியுஸின் பொறுப்பில் வந்தது. அவர் இருந்த இடம் வேப்பேரி. பெயரில் வேம்பு. ஆனால் வேம்பு வேதத்தில் இல்லை. ஆலும் புளியும் தென்னையும்கூட இல்லை. இன்று நாம் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பின் 92-ஆம் சங்கீதத்திலோ, மூலத்தில் பேரீச்சை நிற்கும் இடத்தில் பனை நிற்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில், சுற்றிலும் பனை நிற்க அதைப் படிப்பவர்களுக்கு அது குறையாகத் தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். சகேயு கதை வரும் வாரம் பிள்ளைகளை ஓர் அத்திமரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். எரிகோவில் அவன் ஏறிய காட்டத்தி நம் அத்திக்கு நெருங்கிய சொந்தம். இரண்டிலும் காய் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும். காட்டத்தியின் கிளைகள் தாழப் பிரிந்து படரும் என்பதால் குள்ளனான சகேயுவால் எளிதாக ஏற முடிந்தது. திரும்பும்போது, அவரவர் ஊர்ப்பெயரில் என்ன மரம் இருக்கிறது, அது இன்னும் ஊரில் நிற்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.