மீனுக்கு எதற்கு ஆர்.ஓ. தண்ணீர்?



நேற்று தம்பி வீட்டுக்குப் போய்க் கோபத்தோடு திரும்பினேன். பேரன் வளர்க்கும் கப்பி மீனுக்கு ஆர்.ஓ. தண்ணீராம்! பம்ப் இல்லாத மெஷினை மாடித் தொட்டிக் குழாயில் நேராக மாட்டியிருக்கிறார்கள். ஒரு லிட்டர் சேர்வதற்குள் ஒரு வாளி கழிவு சாக்கடைக்குப் போனது.

10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்தத் தொட்டி 3 மீட்டர் உயரம்கூட இல்லை. ஆர்.ஓ. சவ்வுக்கோ சுமார் 3 கிலோ வேண்டும். அழுத்தம் குறைந்தால் கழிவுதான் கூடும்.

வெம்பக்கோட்டை அணைத் தண்ணீருக்கு நாள் கணக்கில் குடத்தோடு காத்திருக்கும் ஊர் இது. அதைச் சாக்கடையில் விட யார் உரிமை கொடுத்தது?

"பம்ப் வச்சிடலாம் பெரியப்பா" என்கிறான் தம்பி மகன். வைத்தாலும் கழிவு போகத்தான் செய்யும். மேலும், கப்பிக்கும் மோலிக்கும் கடினநீர்தான் ஒத்துக்கொள்ளும். தாது உப்பில்லாத தண்ணீரில் அவை வாடும். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து, காற்றுக்குழாய் போட்டு ஒரு நாள் வையுங்கள், குளோரின் போய்விடும். வாரம் கால் தொட்டி மாற்றினால் போதும்.

டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், அது வேறு கணக்கு.

அந்த மெஷினைக் கழற்றும்வரை தம்பி வீட்டுக் காபி எனக்கு வேண்டாம்.